எங்கட பெனியனுக்குள்ள ஒரு குஜராத்தி வியாபாரி

கொழும்பில் குஜராத்தி மொழி இருக்கிறதா என்று எங்கட வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அது இந்தியாவில தானே, இங்க யார் கதைக்கிறது?" என்றுதான் அநேகமாகப் பதில் வரும். தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிடத்தில் தமிழ் கேட்கும், சிங்களம் கேட்கும், இரண்டையும் கலந்த ஒரு மொழியும் கேட்கும். குஜராத்தி காதில் விழுவது அபூர்வம். எங்கட நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் இனங்களின் பட்டியலிலும் அந்தப் பெயர் கிடையாது.

ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற அதே ஆள் சேர்ட்டுக்கு உள்ளே போட்டிருக்கிற பெனியன் குஜராத்திச் சொல். பக்கத்து மாடிக்கு மேலே நிற்கிற தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் குஜராத்தி இருக்கிறது. தாத்தா கதையில் வருகிற துரை பங்களா, கடையடைப்பு என்றால் சொல்கிற ஹர்த்தால், மலையகத்தில் ஒரு மக்களையே குத்திய 'கூலி' என்ற பட்டம் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அளவில் குஜராத்தியின் கை இருக்கிறது. இவற்றில் அநேகமானவற்றை நாங்கள் ஆங்கிலச் சொல் என்றுதான் நினைத்து வைத்திருக்கிறோம். பக்கத்துத் தெருவில் இருந்த மொழியின் சொற்கள் லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் போய், ஆங்கிலம் என்ற முத்திரையோடு எங்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. அந்தச் சொற்கள் வந்த வழியையும், அவற்றைப் பேசினவர்களுக்கு இந்த நாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க இந்தக் கட்டுரை.

இங்கே யார் குஜராத்தி?

முதலில் ஆட்கள். கொழும்பில் குஜராத்தியோடு தொடர்புள்ள சமூகங்களில் மூன்று முக்கியமானவை. தாவூதி போராக்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். அவர்கள் பேசுவது லிசானுத் தஃவா. அடிப்படை குஜராத்தி, எழுதுவது அரபு எழுத்தில், அரபு, பாரசீகச் சொற்கள் நிறைய. மேமன்கள் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து கத்தியவாரிலிருந்து வந்தார்கள். 1947 பிரிவினைக்குப் பிறகும் பலர் வந்தார்கள். வீட்டில் பேசுவது மேமனி, அது கச்சிக்கும் சிந்திக்கும் நெருக்கம். எழுத்துக்கு, கணக்குக்கு, குஜராத்தி. மூன்றாவது பார்சிகள். ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து, குஜராத்தியையே தாய்மொழியாக்கிக் கொண்டவர்கள். இங்கே அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான்.

எண்ணிக்கை சிறிது, தடம் பெரிது. புறக்கோட்டைக்குள் நுழைகிற இடத்தில் நிற்கிற கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை எல்லோருக்கும் தெரியும். கான் என்ற பெயரைப் பார்த்து யாரோ பட்டாணியர் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு பார்சிக் குடும்பம் கட்டியது. ஃப்ராம்ஜி பிகாஜி கானின் பிள்ளைகள் தகப்பனின் நினைவாக 1923 ஜனவரி 4ஆம் திகதி நகர மக்களுக்குக் கொடுத்தார்கள். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையை நடத்திய கப்டன் குடும்பமும் பார்சிகள். தேயிலை ஏற்றுமதியில் இன்றைக்கும் முன்னணியில் இருக்கிற அக்பர் பிரதர்ஸ், 1907இல் தொடங்கிய ஹெப்துல்லாபோய் இரண்டும் போரா நிறுவனங்கள்.

அந்த ஹெப்துல்லாபோய், தாவூத்போய் என்ற பெயர்களின் முடிவைக் கொஞ்சம் கவனியுங்கள். 'போய்' என்று நாங்கள் வாசிப்பது 'பாய்'. குஜராத்தியில் சகோதரன். வெள்ளைக்காரன் ஆங்கில எழுத்தில் எழுதின விதத்தில் அது 'போய்' ஆகிவிட்டது. ஆதம்ஜி, ஜஃபர்ஜி என்பவற்றில் உள்ள 'ஜி' மரியாதைச் சொல். கொழும்புப் பெயர்ப் பலகைகளில் ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுக் குஜராத்தி இலக்கணமே தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்கட பழைய ஆட்களும் இவர்களைக் குஜராத்திகள் என்று சொல்லவில்லை. போரா, மேமன், பார்சி அல்லது பொதுவாகப் 'பாய்'. மொழியின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

வாணியோ, பனியா, பெனியன்

இந்தியாவில் எத்தனையோ மொழிகள் இருக்க, ஆங்கிலத்துக்குள் குஜராத்தி இவ்வளவு சீக்கிரம் நுழைந்ததற்குக் காரணம் துறைமுகம். போர்த்துக்கேயர் 1535இல் தியூவில் கோட்டை கட்டினார்கள், 1559இல் தமனைப் பிடித்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு 1613இல் சூரத்தில் வணிகக் களரி வைக்க அனுமதி கிடைத்தது. மதராஸ் கோட்டை, கல்கத்தா எல்லாம் பிறகு. ஆகவே வெள்ளைக்காரர் முதன்முதலில் விலை பேசின, கடன் வாங்கின, சண்டை பிடித்த இந்தியர்களில் குஜராத்தி வணிகர்கள் முக்கியமானவர்கள்.

அந்த வணிகரைக் குஜராத்தியில் 'வாணியோ' என்பார்கள். மூலம் சமஸ்கிருத 'வணிஜ்'. எங்கட 'வணிகன்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். அரபுக் கடலோடிகளின் வாயிலும் போர்த்துக்கேயரின் வாயிலும் அது 'பனியன்' ஆனது. ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த ஒரு சொல்லுக்கு நடந்ததைப் பாருங்கள்.

பாரசீக வளைகுடாவில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலமரம். அதன் கீழே குஜராத்தி வணிகர்கள் ஒரு சிறிய கோயில் வைத்துக் கும்பிட்டார்கள். கண்ட ஐரோப்பியப் பயணிகள் அதைப் 'பனியன் மரம்' என்றார்கள். கடைசியில் உலகத்தில் உள்ள எல்லா ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயராகிவிட்டது. அந்த வணிகர்கள் மாமிசம் சாப்பிடாதவர்கள் என்பதால், ஆங்கிலக் கடற்படையில் இறைச்சி கொடுக்காத நாளுக்குப் 'பனியன் நாள்' என்று பெயர். அவர்கள் போட்ட தளர்வான மேலாடையைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரர்கள் வீட்டில் போட்ட நீள அங்கிக்கும் 'பனியன்'. பிறகு அந்தப் பெயர் உள்ளாடைக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் அது பனியன், எங்களுக்குப் பெனியன், சிங்களத்தில் பெனியம.

இதையெல்லாம் தொகுத்து வைத்தவர்களில் ஒருவருக்குத் தமிழோடும் உறவு உண்டு. 1886இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியை ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் செய்தார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருவதற்கு நாலு வருடத்துக்கு முன்பே இறந்துபோனார்.

தாங்கி தமிழா?

எங்களுக்கு மிகப் பிடித்த சொல் இது. தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்த் தாங்கி, யுத்த தாங்கி என்று இலங்கைத் தமிழில் எழுதுகிறோம். பார்த்தால் அச்சொட்டாகத் தமிழ். தாங்குவது தாங்கி. ஆனால் அது ஆங்கில 'டாங்க்' என்பதன் ஒலியையும் தமிழ்ப் பொருளையும் சேர்த்துப் பிடித்த சொல்.

அந்த டாங்க் எங்கிருந்து வந்தது? மழை குறைந்த குஜராத்தில் வீட்டுக்குக் கீழே மழைநீரைச் சேமிக்கக் கட்டுகிற தொட்டியை 'டாங்கு' என்கிறார்கள். ஆங்கிலேயர் அதைக் கேட்டு எடுத்தார்கள். குளத்தைக் குறிக்கிற போர்த்துக்கேயச் சொல் 'தாங்க்கெ' என்பதும் அதே நேரத்தில் புழங்கியது. எது எதற்கு மூலம் என்று சொல்லறிஞர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதுதான் பொதுவான கருத்து.

இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத்தான் எங்கட குளங்களுக்குச் சூட்டினார்கள். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் 'ஜயன்ட்ஸ் டாங்க்' ஆனது. இரணைமடுவும் டாங்க், கந்தளாயும் டாங்க். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய நீர்ப்பாசன அறிவுக்கு, குஜராத்தி வீட்டின் நிலத்தடித் தொட்டியின் பெயர். இன்றைக்கும் இலங்கை ஆங்கிலத்தில் குளம் என்றால் டாங்க்தான்.

அடுத்தது 1916. பிரித்தானியர் இரும்புக் கவசம் போட்ட ஒரு யுத்த வண்டியை இரகசியமாகக் கட்டினார்கள். வேவு பார்ப்பவர்களை ஏமாற்ற அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொன்னார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சில் சோம் போர்க்களத்தில் அது முதல்தடவை இறங்கியது. இரகசியப் பெயரே நிரந்தரப் பெயராகிவிட்டது. மழைநீரைச் சேர்க்கிற தொட்டியின் பெயர் ஆட்களைக் கொல்கிற வண்டிக்குப் போய், பிறகு வன்னியில் 'யுத்த தாங்கி' என்று செய்தி வாசிக்கிற அளவுக்கு எங்கட வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தது. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவுக்குக் கொடுப்பதா இல்லையா என்று நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம்.

கூலி யாருடைய சொல்?

பெனியனும் தாங்கியும் சிரித்துக்கொண்டு பேசக்கூடிய சொற்கள். இது அப்படி இல்லை.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கிற ஊதியம். திருக்குறளிலேயே அந்தப் பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஆள். அதுவும் கீழான ஆள். ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராக மாறிய கதையில் குஜராத்தும் இருக்கிறது. அங்கே கோளி என்று ஒரு பெரிய சமூகம் உண்டு. கூலி வேலைக்குப் போகிற கோளிகளைப் பார்த்த போர்த்துக்கேயர் அந்தப் பெயரைக் கூலியாட்களுக்குப் பொதுப்பெயராக்கினார்கள், அது தெற்கே வந்து தமிழின் 'கூலி'யோடு ஒட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். தமிழ்ச் சொல்லிலிருந்தே நேரடியாக வந்தது என்பது இன்னொரு விளக்கம். இந்த வழக்கு முடியவில்லை. எதை எடுத்தாலும், ஆட்களுக்குப் பெயர் வைக்கிற அதிகாரம் அந்த ஆட்களிடம் இருக்கவில்லை.

இலங்கையில் கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து இந்தச் சொல் அரச அறிக்கையிலும் தோட்டக் கணக்கிலும் ஏறியது. அவர்கள் இருந்த அறைகள் 'கூலி லைன்'. அந்த லைன்தான் இன்றைய லயம். துரை இருந்தது பங்களாவில். அந்தச் சொல்லும் 'வங்காளத்து வீடு' என்ற பொருளில் பிறந்து, 'பங்களோ' என்ற குஜராத்தி வடிவம் வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. ஒரே தோட்டத்தில் மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல்.

தென்னாபிரிக்காவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1893இல் அங்கே போன ஒரு குஜராத்தி வழக்கறிஞரை வெள்ளையர்கள் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அவர் காந்தி. குஜராத்தி வியாபாரிகள் 'கூலி வியாபாரிகள்'. இந்தியர்களுக்கு இன்னொரு பட்டமும் இருந்தது: 'சாமி'. ராமசாமி, முத்துசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வால். காந்தி தன் சுயசரிதையில் இந்த இரண்டு பட்டங்களையும் விளக்குகிறார். குஜராத்தியாக இருந்தாலும் தமிழனாக இருந்தாலும் ஒரே வசை என்று அங்கே அனுபவத்தில் தெரிந்தது. 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பினியன்' பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி நாலு மொழியிலும் வந்தது. எங்கட மொழியும் அவர்கட மொழியும் ஒரே தாளில் அச்சான இடம் அது.

அதே காந்தியை 1927 நவம்பரில் இலங்கைக்கு அழைத்தவர்கள் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்காரர்கள். அதாவது எங்கட வயதுப் பிள்ளைகள்.

கடைக்குப் பூட்டு

ஹர்த்தால் குஜராத்தியிலும் இந்தியிலும் உள்ள சொல். பிரித்தால் கடையும் பூட்டும். வணிகர்கள் நிறைந்த ஒரு சமூகத்துக்கு எதிர்ப்பைக் காட்டக் கையில் இருந்த ஆயுதம் கடைக் கதவு. அதை இந்தியா முழுக்கக் கொண்டு போனது 1919 ஏப்ரல் 6இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் காந்தி அழைத்த ஹர்த்தால்.

இலங்கையில் அந்தச் சொல்லுக்கு ஒரு திகதி உண்டு: 1953 ஓகஸ்ட் 12. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். கடைகள் மூடின, ரயில் நின்றது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். வடக்கு கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஹர்த்தால்கள் ஞாபகத்தில் இருக்கும். 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத் திடலில் தமிழரசுக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து அடிவாங்கியது 'சத்தியாக்கிரகம்' என்ற பெயரில். சமஸ்கிருத வேரிலிருந்து செய்யப்பட்ட அந்தச் சொல், 'இந்தியன் ஒப்பினியன்' வாசகர்களிடம் பெயர் கேட்டு, காந்தி திருத்தி எடுத்த சொல். தமிழுக்கு உரிமை கேட்ட போராட்டத்தின் பெயரே ஒரு குஜராத்தியின் பத்திரிகையில் பிறந்தது.

சொல்லிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை

இந்தச் சொற்கள் எல்லாம் எந்தக் கேள்வியும் இல்லாமல் இங்கே குடியேறின. ஆட்களுக்கு அப்படி நடக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்று படித்திருக்கிறோம். அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரை ஆறுதலாக வாசிக்க வேண்டும்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத்தில் பாகிஸ்தானியர் யார்? அந்தப் பெயர் மேமன் போன்ற வணிகச் சமூகங்களையும் மனதில் வைத்தது. 1946க்கு முன் திருமணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிலையான வருமானம் அல்லது தகுந்த தொழில் இருப்பதையும் காட்ட வேண்டும். சட்டத்தின் கண்ணில் புறக்கோட்டைப் பாயும் லயத்துத் தொழிலாளியும் ஒரே வரிசை. ஆனால் கணக்குப் புத்தகமும் வழக்கறிஞரும் உள்ளவர் அந்த வரிசையைக் கடப்பதும், கையெழுத்துப் போடத் தெரியாதவர் கடப்பதும் ஒன்றல்ல. வரிசையில் பின்தங்கியவர்களைத்தான் பிறகு கப்பலேற்றினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மகாவம்சம் விஜயனின் தகப்பன் ஆண்ட நாட்டை 'லாள' என்கிறது. அது வங்கத்தின் ராட நாடு என்று சிலரும் குஜராத்தின் லாட நாடு என்று சிலரும் வாதிடுகிறார்கள். தீபவம்சத்தில் விஜயனின் கப்பல் பருகச்ச துறையில் நிற்கிறது. அது குஜராத்தின் இன்றைய பரூச். கதை கதைதான், அதை வைத்து யாரும் காணி உறுதி எழுத முடியாது. ஆனால் 'வந்தவர்கள்' என்று யாரையாவது சுட்டுகிற கைக்கு அந்தக் கதையையாவது ஞாபகப்படுத்தலாம்.

இப்போது நிலைமை வேறு. குஜராத்தி உலகத்தில் அழிந்து போகிற மொழி இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் 5.5 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. 1822இல் தொடங்கிய 'மும்பை சமாச்சார்' என்ற குஜராத்திப் பத்திரிகை இன்றைக்கும் வருகிறது. ஆனால் கொழும்பில் அது வீட்டுக்குள் பேசுகிற மொழி. பள்ளிக்கூடத்தில் இல்லை, வானொலியில் இல்லை, விண்ணப்பப் படிவத்தில் இல்லை. அப்படி ஒரு மொழி பாட்டியோடு நின்றுபோவதற்கு இரண்டு தலைமுறை போதும்.

நின்றுபோகத்தான் வேண்டும் என்றும் இல்லை. குஜராத் பக்கத்திலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு மதுரையில் குடியேறின சௌராஷ்டிரர்கள் இன்னமும் வீட்டில் குஜராத்திக்கு நெருங்கின அந்த மொழியைத்தான் பேசுகிறார்கள். எங்கட அப்பாக்கள் கேட்டுக் கேட்டுத் தேய்த்த டி.எம்.சௌந்தரராஜன் அந்த வீட்டுப் பிள்ளை. அவருடைய தமிழ் உச்சரிப்பை யாரும் குறை சொன்னதில்லை. இரண்டு மொழியும் ஒரே வாயில் இருக்க இடம் இருந்தது.

தமிழ் இங்கே அரச கரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் கொழும்பில் எங்கட வீட்டுப் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வது குறைந்துகொண்டு வருவதை நாங்கள் பார்க்கிறோம். அதனால்தான் பக்கத்துத் தெரு மொழியின் கணக்கையும் எடுத்துப் பார்க்கத் தோன்றியது. ஒரு மொழியின் சொல் பத்து மொழியில் வாழலாம். அதைப் பேசுகிற பிள்ளை இல்லையென்றால் அந்த ஊரில் அந்த மொழி இல்லை.

உங்களுக்கு போரா, மேமன், பார்சிக் கூட்டாளிமார் யாராவது இருந்தால் அவர்கட வீட்டில் பாட்டி இன்னும் என்ன மொழியில் ஏசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து சொல் கிடைத்தாலும் பேரும் பொருளும் எழுதி வையுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள், சேர்த்து வைப்போம். இந்தமுறையாவது லண்டனைச் சுற்றாமல் நேராகத் தெரிந்துகொள்வோம்.